கொய்ங் சத்தம்

"இன்னாண்ணே, கொய்ங்னு ஒரு சத்தம் வருமே, அத்த காணோம்?"

கன்னியம்மா கேட்டதும் அசோகன் சிரித்தான். காசிமேட்டில் படகுகளுக்கு வயர்லெஸ் பழுது பார்க்கிற கடை அவனுடையது. மேசை மேல் இருந்த செட்டில் இப்போதுதான் அவள் புருஷன் குமாரவேல் கடலிலிருந்து பேசி முடித்திருந்தான். வந்துகொண்டே இருக்கிறேன், கொஞ்சம் லேட்டாகும் என்றான். 

"அத்த காணோம்னா நீ எனக்கு மாலை போடணும் தங்கச்சி. ஒரு வாரமா அந்தச் சத்தத்தோடதான் மல்லுக்கட்டினு கீறேன்."

வெளியே காற்று கடையின் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கடல் கொந்தளிக்கும், திரும்பிவிடுங்கள் என்று காலை பத்து மணிக்கே அறிவிப்பு வந்துவிட்டது. இப்போது மணி மூன்று. போன விசைப்படகுகள் எல்லாம் வந்து கட்டியாயிற்று. வராதது குமாரவேலுடையது மட்டும்தான்.

"எனக்கு பயமா கீதுண்ணே. அந்தச் சத்தம் எஞ்சின் ஓடுனாத்தான வரும்?"

"ஆமா. டைனமோலேர்ந்து வர்ற கரண்ட்டு சுத்தமா கீறதில்ல. அந்த அழுக்குதான் பேச்சோட சேந்து வருது. எஞ்சின் வேகமெடுத்தா அதுவும் கூட ஏறும்."

"எட்டு வருசமா அத்த வச்சித்தாண்ணே நான் கண்டுக்குவேன். கீச்சுன்னு வந்தா வூட்டாண்ட வர்றாரு. கொர்ருன்னா வலை இழுக்குறாரு. இப்ப ஒண்ணுமே இல்லியே. எஞ்சின் நின்னு பூட்டிருந்தா?"

"த, வாயக் கழுவு. நான் முன்னாடி எங்க வேல பாத்தேன்னு தெரியும்ல? ரெண்டு பேர் குந்துற குட்டி பிளேன் ஒர்க்‌ஷாப்புல. அங்கியும் இதே பேஜாருதான். பைலட்டு காதுல மாட்டுனா கொய்ங். கீழேர்ந்து சொல்றது கேக்கலைன்னா உசுரு இன்னாத்துக்கு ஆவும்? அதனால மேல கம்பி வலை சுத்துன ஒயரு போடுவோம். அந்த வலைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் எர்த். நம்ம ஆளுங்க நல்லது பண்றேன்னு ரெண்டு பக்கமும் குடுப்பானுங்க, இன்னும் ஜாஸ்தி கத்தும்."

"எனக்கு அதெல்லாம் வாணாம். இவுரு போட்ல இன்னா செஞ்ச?"

"போன வாரம் மைக்கு மாத்தினேன். வாயாண்ட வச்சிப் பேசுறது மட்டும்தான் எடுக்கும், எஞ்சின் தடதடப்பு உள்ள வராது. நேத்து ஒயரு மாத்தினேன். அப்பவும் கொய்ங் போவல. அதான் இன்னிக்கு விடிகாலைல அந்தக் கரண்ட்டு அழுக்க வடிகட்ட ஒரு ஃபில்டர் குடுத்தேன். ரெண்டே ஸ்க்ரூ, நானே மாட்டிக்கிறேன்னாரு மச்சான். மாட்டிட்டாரு. குரலு கண்ணாடி மாதிரி கீது. போதுமா?"

போதவில்லை. அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"சாப்ட்டியான்னு கேட்டாருண்ணே."

"கேட்டா இன்னா?"

"கட்டிகினு வந்த நாள்லேர்ந்து ஒரு தபா கேட்டதில்ல அந்த மனுசன்."

அசோகனுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. மைக்கை எடுத்தான்.

"மச்சான், அசோகன் பேசுறேன். எஞ்சின் எப்டி கீது?"

"அதுக்கு இன்னா, சூப்பரா ஓடிகினு கீது. எதிர்க்காத்து. அதான் மெதுவா வர்றேன்."

"பாத்தியா?" என்று அசோகன் அவள் பக்கம் திரும்பினான். "நான் குடுத்த சாமான் அப்டி. நாளைக்கு எல்லா போட்டுக்காரனும் இங்க வந்து நிப்பான்."

கன்னியம்மா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அடக் கடவுளே, நல்ல சாமான் செஞ்சண்ணே. இத்தினி வருசம் பழகுன சத்தத்தப் புடுங்கிட்டு, என் உசுர எடுத்துட்ட."

"இனிமே இந்தக் குரலுக்குப் பழகிக்க."

மழையில் நனைந்தபடி விமல் உள்ளே வந்தான். குமாரவேலின் தம்பி. துறையில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன்.

"அண்ணி, இங்கியா கீற? அண்ணன் பேசுச்சா?"

"பேசுனாருடா. வந்துகினு கீறாராம்."

"அப்பாடா!" விமல் தலையை உதறினான். பிறகு ஞாபகம் வந்தவனாக டிரவுசர் பைக்குள் கையை விட்டான். "அசோகண்ணே, இத்த காலைலயே உங்கையில குடுக்கச் சொல்லுச்சு அண்ணன். நான்தான் மறந்துட்டேன். போட்டு முன்னாடி, அணியத்துல கற்பூரம் ஏத்துனப்புறம் அது மேல ஸ்க்ரூ டிரைவர் வைக்க மாட்டோம்ல, எங்க நைனா காலத்துலேர்ந்து அப்டித்தான். நாளைக்கு வந்து மாட்டிக்கிறேன்னு சொல்லிட்டுப் போச்சு."

மேசையில் வைத்தான். அசோகன் கொடுத்த அதே ஃபில்டர். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர் பிரிக்கப்படவே இல்லை.

செட்டில் மறுபடியும் குமாரவேல் வந்தான். "கன்னிம்மா, எஞ்சின் நல்லா ஓடுதுமே, நீ பயந்துக்காத" என்றது அவன் குரல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல, ஒரு கொசுவின் சத்தம்கூட இல்லாமல்.