பூஜ்யம் வாங்கிய வீடு

"போன ஒரு மாசத்துல, ராத்திரி தூக்கம் வராம கஷ்டப்பட்டீங்களா அக்கா? 'எப்பவுமே இல்லை', 'எப்பவாவது', 'அடிக்கடி'ன்னு மூணு இருக்கு. ஒண்ணு சொன்னா போதும்."

"எப்பவுமே இல்லை" என்றாள் கண்ணம்மா.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த வசந்தா, அட்டையில் செருகிய தாளில் டிக் அடித்தாள். வார நாட்களில் பகலெல்லாம் அம்பத்தூரில் பேக்கிங் வேலை, சாயங்காலம் கல்லூரி என்று வந்தவுடனே சொல்லியிருந்தாள். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கும் பெண்கள் மனக்கஷ்டத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய களைப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

கண்ணம்மா அதை நம்பவில்லை. குவார்ட்டர்ஸ் வீடுகளை ஒதுக்கும் எஸ்டேட் ஆபீசிலிருந்து சோதனைக்கு ஆள் வரப்போகிறது என்று ஒரு வாரமாகவே பேச்சு. இந்த வீடு ஃபேக்டரியில் வேலை பார்க்கும் குணசேகரனுக்குக் கொடுத்தது. அவர் கரையான்சாவடியில் சொந்தமாகக் கட்டிக்கொண்டு போனபின், இதைக் கண்ணம்மா குடும்பத்துக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். வெளியே தெரிந்தால் சாமானோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். மகளுக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. 'யார் வந்து கேட்டாலும் நீ குணசேகரன் சம்சாரம். எந்த வம்பும் பேசாதே' என்று கணவன் நாகப்பன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருதா?"

"எனக்கா? எப்பவுமே இல்லை."

"வேலை தலைக்கு மேல போயிட்ட மாதிரி இருந்ததா?"

"இல்லை."

"மனசு கஷ்டமா இருந்தா யார்கிட்ட சொல்லுவீங்க?"

"கஷ்டமே இல்லையேம்மா. அப்புறம் யாராண்ட சொல்றது?"

வசந்தா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, கூரையில் ஈரம் படர்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"மழைக்கு ஒழுகுதாக்கா?"

இந்தக் கேள்வி தாளில் இருக்காது என்று கண்ணம்மாவுக்குத் தோன்றியது.

"ஒழுகாது. அது பழைய கறை."

"பைப்புல தண்ணி?"

"நல்லா வருது. இங்க எல்லாமே நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

வசந்தா பதில்களுக்கான மதிப்பெண்களைக் கூட்டினாள். சந்தேகம் வந்தவளைப் போல மறுபடியும் முதலிலிருந்து கூட்டினாள்.

"பூஜ்யம் வருதுக்கா."

"அது நல்லதுதானே?"

"தெரியலை. நான் கேக்கிற விதம் தப்போன்னு முதல்ல நினைச்சேன். ஆனா இந்த லைன்ல வேற எந்த வீட்டுலயும் இப்படி வரலை. எதிர் வீட்டு சாமுண்டீஸ்வரி அக்கா, முதல் கேள்வியைக் கேட்டதுமே மெயின்டனன்ஸ் ஆபீஸை அரை மணி நேரம் திட்டினாங்க. பேனாவை மூடி வெச்சிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன். சொந்தப் பேர்ல வீடு இருக்கிறவங்க எல்லாம் இப்படித்தான் திட்டுறாங்க." வசந்தா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இது உங்க பேர்ல இருக்கிற வீடு இல்லைதானே?"

கண்ணம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மாடி, உனக்குப் புண்ணியமாப் போவும். ஆபீசுல சொல்லிடாத. பொண்ணுக்குப் பரிச்ச கீது. அது முடியிற வரிக்கும் உட்டுடச் சொல்லு. அப்பால நாங்களே காலி பண்ணிக்கினு பூடறோம்."

"நான் ஆபீஸ் ஆள் இல்லைக்கா."

"அப்போ எதுக்கு தண்ணி வருதா, ஒழுகுதான்னு கேட்ட?"

வசந்தா வேறொரு தாளை எடுத்து அட்டையில் செருகினாள்.

"பேரு எழுத மாட்டேன், வீட்டு நம்பரும் எழுத மாட்டேன். இப்பச் சொல்லுங்க. ராத்திரி தூக்கம் வருதா?"

கண்ணம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வசந்தாவுக்கு முன் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"எங்கேந்து வரும்? வாசல்ல செருப்பு சத்தம் கேட்டாலே எயுந்து குந்திக்கிறேன். பக்கத்து ஊட்டம்மா சிரிச்சிப் பேசினாக் கூட, இது எதுக்கு சிரிக்குதுன்னு கீது. பொண்ணு பாடத்தைச் சத்தமாப் படிச்சா அது வாயைப் பொத்திடறேன். அந்தக் கூரை ஒழுகி ஒழுகி அரிசி நனைஞ்சிப் போச்சி. யாராண்ட போய்ச் சொல்லுவேன்?"

வசந்தா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் 'அடிக்கடி' என்றே பதில் வந்தது. கடைசிக் கேள்வி முடிந்தபோது கண்ணம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஏதோ கனத்த மூட்டையைச் சற்று நேரம் இறக்கி வைத்தது போல இருந்தது அவளுக்கு.

வசந்தா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நாளைக்கு நிஜமாவே ஆபீசர் வருவாராம்க்கா. வந்தா, இப்பச் சொன்னீங்களே, அதே மாதிரி சொல்லுங்க. கூரையைக் காட்டி நல்லா சண்டை போடுங்க."

"இன்னாம்மா சொல்ற? ஆபீசராண்ட சண்டை போட்டா நம்ம கதி இன்னா ஆவறது? உனக்கு இன்னா தெரியும்?"

வசந்தா மாடிப்படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள். அதுவரை பேசிய கல்லூரிப் பேச்சு அவளிடம் இல்லை.

"போன மாசம் வரிக்கும் நாங்களும் இதே குவார்ட்டர்ஸ்லதான் வேற ஒருத்தர் பேர்ல இருந்தோம்க்கா. எதுனா குறை கீதான்னு ஆபீசர் கேட்டாரு. எல்லாம் நல்லா கீது சாமின்னு எங்கம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க, அன்னிக்கே எங்க சாமானைத் தூக்கி வெளில வெச்சிட்டாங்க."