ஒளிராத நிலா

விளக்குகள் எல்லாம் எரியும்போது பொழுதுபோக்குப் பூங்காவின் பேய்ச் சுரங்கம் வெறும் பழைய கொட்டகைதான். அடுத்த வாரம் இது கடலடி உலகம் ஆகப்போகிறது. ஓவியக்காரி சுவரிலிருக்கும் எலும்புக்கூட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். மண்டையோடு செதில் செதிலாக உதிர, அதன் அடியிலிருந்து ஒரு நிலா எட்டிப் பார்க்கிறது. தண்டவாளம் போடுவதற்கு முன்னால் இங்கே ஓடியது வாய்க்கால். ஜோடி ஜோடியாகப் படகில் வருவார்கள். அந்தக் காலத்தில் அவளே தீட்டிய நிலா இது. இருட்டில் ஒளிரும் சாயத்துக்குப் பதிலாகச் சாதாரண வெள்ளையை அடித்துவிட்டு அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்."

எலக்ட்ரீஷியனான கணவன் தோளில் ஒயர் சுருளோடு வந்து நிற்கிறான். "இதையும் சுரண்டணுமா?"

"ஒண்ணு விடாம சுரண்டணும்னு மேனேஜர் சொல்லிட்டாரே."

அவன் போய் எல்லா விளக்கையும் அணைத்து, ஊதா விளக்கை மட்டும் போடுகிறான். எதிர்ச்சுவரில் அவள் நேற்று ஒளிரும் சாயத்தில் தீட்டிய மீன்கள் பச்சையாக மிதக்கின்றன. இந்தப் பக்கம் கும்மிருட்டு.

"உன் நிலாவக் காணோமே. இல்லாதத எப்படிச் சுரண்டுவ?"

அவள் சிரிப்பது மட்டும் கேட்கிறது. தடவித் தடவி வரும் அவன் கை, அன்று இருவரும் போன படகின் இருட்டில் வந்ததைப் போலவே, முதலில் அவள் முழங்கையில் முட்டி, பிறகு விரல்களைக் கண்டுபிடிக்கிறது.