நாலரை மீட்டர்

"மறுபடியும் அழிச்சுட்டாங்க அக்கா. மூணு புள்ளி ஆறு."

லாரியில் வாழைத்தார்களின் மேல் உட்கார்ந்திருந்த வன்யாமா கத்தி முடிப்பதற்குள் நம்போசோ பிரேக்கை மிதித்துவிட்டாள்.

ரயில் பாலத்தின் தூணில் இருந்த உயரப் பலகையைப் பார்த்தாள். போன திங்கட்கிழமைதான் சாலை ஆபீஸ் ஆட்கள் வந்து 4.5 மீட்டர் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதற்காக அவள் நடந்த நடை கொஞ்சமில்லை. மூங்கில் கழியை நட்டு அவளே அளந்தாள். அளவு நாடாவைப் பிடித்தபடி போட்டோ எடுத்தாள். ஐந்து முறை ஆபீஸ் படி ஏறினாள்.

தாரோடு சேர்த்து அவள் லாரி நான்கு மீட்டர். தாராளமாக அடியில் போகலாம். ஆனால் பலகையை மீறினால், பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்வார். மலையைச் சுற்றினால் முப்பது கிலோமீட்டர், கல்லும் பள்ளமும். சொரோட்டி சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடியிலுள்ள தார்கள் நசுங்கிவிடும்.

"இது யார் வேலைன்னு ஊருக்கே தெரியும்க்கா," என்றான் வன்யாமா. "குடோய்தான். சுத்துப் பாதையில பஞ்சர் கடை வெச்சிருக்கிறது அவர் ஒருத்தர்தானே? நம்ம டயர் கிழிஞ்சாத்தான் அவர் வீட்டுல உலை கொதிக்கும்."

நம்போசோ ரிவர்ஸ் எடுத்தாள்.

மறுநாள் ஆறாவது முறையாக ஆபீஸுக்குப் போனாள். மறுபடி 4.5 எழுதினார்கள்.

"எழுதி என்ன? ஞாயித்துக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போற நேரம் பார்த்து அழிச்சிடுவார்," என்றான் வன்யாமா.

"அப்ப இந்த ஞாயிறு நான் கோயிலுக்குப் போகல."

ஞாயிறு காலை, லோடு ஏற்றிய லாரியைப் பாலத்துக்கு முந்தைய வளைவில் நிறுத்தினாள். மேலே நான்கு பேர் இருந்தார்கள். "சத்தம் போடாதீங்க," என்று கை காட்டிவிட்டு நடந்தாள்.

தூணில் ஏணி சாய்த்திருந்தது. 4.5ஐ வெள்ளை பூசி மறைத்தாகிவிட்டது. குடோய் கறுப்புப் பெயின்ட்டில் 3 எழுதி முடித்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்க அண்ணே."

அவர் திரும்பிப் பார்த்தார். பதறவில்லை.

"ஆறு தடவை ஆபீசுக்கு அலைஞ்ச பொண்ணு நீதானா?"

"ஏழாவது தடவை உங்களையும் கூட்டிட்டுப் போறேன். உங்க கடை ஓடணும்னு நாங்க மலையைச் சுத்தணுமா?"

"கடை அப்புறமா வந்தது. சுத்தி வர்றவங்களுக்கு டயர் போனா யாராவது வேணுமேன்னு போட்டேன்." அவர் ஏணியிலேயே நின்றார். "நீ இந்தப் பாலத்தை அளந்தியாமே?"

"அளந்தேன். நாலரை."

"நானும் அளந்தேன். நாலரைதான். உன் லாரி?"

"தாரோட நாலு."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

குடோய் வளைவுப் பக்கம் பெயின்ட் பிரஷை நீட்டினார். "இங்கேர்ந்து பார்த்தா நாலு பேர் தெரியறாங்களே?"

"லோடு ஏத்துற பசங்க. எல்லா லாரியிலயும்தான் உட்கார்ந்து வர்றாங்க. பாலம் வந்தா குனிஞ்சுக்குவாங்க."

"சிவப்புச் சட்டைக்காரன் குனிய மாட்டான். உட்கார்ந்துக்கிட்டே தூங்குறான்."

நம்போசோ திரும்பிப் பார்த்தாள். அது வன்யாமா. தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உட்கார்ந்த ஆள் தொண்ணூறு சென்டிமீட்டர்," என்றார் குடோய். "நாலரையில அதைக் கழிச்சுப் பாரு."

அவள் கழித்துப் பார்த்தாள். மூன்று புள்ளி ஆறு.

"அதைச் சொல்லித் தொலைக்கலாமே? மேல ஆள் இருந்தா மூணு புள்ளி ஆறுன்னு எழுத வேண்டியதுதானே?"

"எழுதினேன். ஆபீஸ்ல கூப்பிட்டு, லாரி மேல ஆள் ஏத்தறதே சட்டப்படி தப்பு, தப்புக்கு எப்படிய்யா பலகை வைக்கிறதுன்னு கேட்டாங்க. அவங்களே அழிச்சுட்டாங்க."

"டிரைவருங்ககிட்ட சொல்லலாமே? ஆளை இறக்கி நடக்க விட்டுட்டு வண்டியை எடுங்கன்னு?"

"சொன்னேன். தலையாட்டுவாங்க. நாலாவது நாள் அவசரத்துல மறந்துடுவாங்க. பலகைக்குத்தான் மறதி இல்ல."

பெயின்ட் சொட்டி அவர் செருப்பில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"ஒன்பது வருஷம் ஆச்சு. முட்டைக்கோஸ் லோடு. மேல என் தம்பி தூங்கிட்டு வந்தான். வண்டியில ஒரு கீறல் இல்ல. விசாரணைக்கு வந்தவங்க பாலத்தை அளந்தாங்க, லாரியை அளந்தாங்க. பலகை சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க."

நம்போசோவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "அந்த டிரைவர் என்ன ஆனான்?"

"பஞ்சர் ஒட்டுறான்."

தூரத்தில் கோயில் பாட்டு முடிந்தது. இன்னும் சற்று நேரத்தில் ஆட்கள் இந்த வழியாக வந்துவிடுவார்கள். நம்போசோ ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ வாங்க அண்ணே," என்றாள்.

அவர் இறங்கியதும் பிரஷைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள்.

"ஏணியை நல்லாப் பிடிச்சுக்கோங்க. ஆறை நான் எழுதறேன்."