குழாயின் மறுமுனை

ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேலே புதிதாக ஒரு சிம்னி மாட்டினார்கள். "என் சுவரில் ஓட்டை போடக் கூடாது" என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாட்ட வந்தவர் புகைக் குழாயின் வாயைப் பரணுக்குள் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சிம்னிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மீன் பொரித்தாலும் மிளகாய் வறுத்தாலும் ஒரே இழுப்பு. "பார்த்தாயா, பொட்டுப் புகை இல்லை!" என்று அடுப்பிடம் பீற்றிக்கொள்ளும்.

"அதெல்லாம் எங்கே போகிறது?" என்று அடுப்பு ஒருநாள் கேட்டது.

"எங்கேயோ போகிறது. உனக்கென்ன?"

நான்கு வருடம் கழிந்தது. மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று, அங்கே குடியிருந்த தில்லைநாயகி பரணிலிருந்து மரத்தொட்டிலை இறக்கினாள். அந்த மகளையே போட்டு ஆட்டிய தொட்டில் அது. இப்போது கறுத்து, பிசுபிசுத்து, மீன் வாடை அடித்தது. சோடா உப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. "பரணில் கிடந்தால் எல்லாம் இப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டாள்.

சிம்னி பதறிப்போனது. "ஒரு குரல் கொடுத்திருக்கலாமே!"

"நாலு வருஷமாக இருமிக்கொண்டுதான் இருந்தேன்" என்றது தொட்டில். "ஓடும்போது உனக்கு உன் சத்தம் மட்டும்தானே கேட்கும்."

புதுத் தொட்டில் வந்தது. பழையது மறுபடியும் பரணேறியது. மறுநாள் தில்லைநாயகி வாணலியை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தினால் சிம்னி ஓடித்தானே ஆக வேண்டும்? ஓடியது. அத்தனை இரைச்சலிலும், மேலே தொட்டில் இருமுவது அன்று அதற்குத் தெளிவாகக் கேட்டது.