தலையில் எடுத்த நீர்

அவள் கையைத் திறக்கவே இல்லை.

உள்ளங்கைக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. பிள்ளையின் தலையிலிருந்து இப்போதுதான் எடுத்த நீர்.

"ஆற விடாம லேபுக்குக் கொண்டுபோ" என்றாள் நர்ஸ்.

இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளையின் சூடு. பிள்ளையைத் தூக்க விட்டு எத்தனையோ நாளாயிற்று. இதைத்தான் கையில் தந்தார்கள்.

பிறந்தபோதே தலையில் நீர் கோத்திருந்தது. அறுத்துக் குழாய் வைத்தார்கள். தலையிலிருந்து வயிற்றுக்கு, தோலுக்கு அடியில். இனிப் பயமில்லை என்றார்கள்.

தையல் காய்வதற்குள் காய்ச்சல்.

நீர் தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கியிருந்தால் குழாயில் கிருமி. குழாயை எடுத்துவிட்டுத் திரும்பவும் அறுக்க வேண்டும்.

"இன்னொரு தடவ தாங்குமான்னு சொல்ல முடியாதும்மா." டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அவளும் குப்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால்தானே கலங்கல்! பார்க்காதவரை அது தெளிந்த தண்ணீர். அப்படியே பொத்திக்கொண்டு ஓடினாள்.

லேப் ஜன்னலில் வரிசை. உள்ளே இருந்தவன் சரியான சிடுமூஞ்சி. வாங்குகிற ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு வசவு.

"நாளைக்கு வா. போ, போ, நிக்காத."

அவளுக்கு முன்னால் நின்ற பெரியவர் ஏதோ கேட்க வாயெடுத்தார்.

"காது கேக்காதா? நாளைக்குன்னு சொன்னேன்ல!"

படுபாவி, இவன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. விரல்கள் பிரிய மாட்டேன் என்றன. பிடுங்காத குறையாக வாங்கினான். சீட்டைப் படித்தான். குப்பியை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

அப்போதும் அவள் குப்பியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் குப்பியைப் பதமாகக் கீழே வைத்தான். உள்ளே திரும்பி, இதை முதலில் பார்க்கச் சொன்னான். அப்புறம் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தான். அவள் பக்கத்தில் போட்டான்.

"நீ இப்பிடி உக்காரு தாயி."

ஐயோ.

அவள் உட்காரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, என்னையும் திட்டுங்கண்ணே. நாளைக்கு வா, போன்னு சொல்லுங்கண்ணே."