வாரைப் பிடித்த கை

சாயங்கால வெயில் ஜன்னல் வழியே வந்து பெஞ்சுகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பாடப்புத்தக நாடகத்தின் கடைசிக் காட்சி. வீட்டை விட்டுக் கிளம்பும் மகளிடம் அப்பா சொல்வது ஒரே வார்த்தை: "போ." அது கோபமா, வருத்தமா? பரீட்சையில் எழுத வகுப்புக்கு ஒரு விடை வேண்டும். "நீங்களே சொல்லிடுங்க டீச்சர்" என்று நச்சரிக்கிறார்கள். கோபம்தான் என்ற விடை டீச்சரின் நாக்கு நுனியிலேயே நிற்கிறது. சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டியபடி அதை விழுங்கிக்கொள்கிறாள். "நடிச்சுப் பாருங்க." நெட்டையன்தான் அப்பா, மகள் வேறு யார், வாயாடிதான். அவள் தன் புத்தகப் பையையே மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடக்கிறாள். "போ!" என்று அவன் கத்த, வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. மறுபடியும் நடக்கிறாள். இந்த முறை பையின் வார் தோளிலிருந்து நழுவுகிறது. அவன் அதை எடுத்து மாட்டிவிடுகிறான். வாரைப் பிடித்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், "போ" என்கிறான். வாயாடி திரும்பி அந்தக் கையைப் பார்க்கிறாள். "வாய் போகச் சொல்லுது, கை விடலையே" என்கிறது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லா முகங்களும் டீச்சர் பக்கம் திரும்புகின்றன. "அப்போ இதுதான் சரியா டீச்சர்?" அவள் சாக்பீஸை மேசைமேல் வைக்கிறாள். கடைசி பெஞ்சுக்காரர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, அவர்களோடு நெருக்கியடித்து உட்கார்கிறாள். "தெரியலையே. இன்னொரு வாட்டி செய்ங்க, நானும் பாக்குறேன்." நெட்டையனின் கை இன்னும் அந்த வாரிலேயே இருக்கிறது.