கூட்டம் முடியவில்லை

புலிகள் காப்பகத்துக்காகக் காட்டைவிட்டு இறங்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் வனத்துறை அதிகாரி. கிராமசபையில் ஒரு கைகூட எழவில்லை.

"மௌனம் சம்மதம்" என்று சிரித்தபடி அவர் ஜீப்பில் ஏறினார்; டிரைவர் எஞ்சினைக் கிளப்பினான். கிராமசபைத் தலைவி மருதி வேகமாக வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றாள். போன மழைக்காலத்தில் அவள் குடிசையை யானையை விட்டு இடித்தது இவருடைய ஆட்கள்தான்.

"நாங்க பேசாம இருந்ததுக்கு நீங்க எப்படி சார் அர்த்தம் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"வழிவிடும்மா. கூட்டம் முடிஞ்சாச்சு."

"கூட்டினது நாங்க. நாங்கதான் முடிக்கணும். இறங்குங்க."

ஊரே எழுந்து வந்து ஜீப்பைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தது. அதிகாரி இறங்கவில்லை. "வண்டிய எடு" என்றார். டிரைவர் மருதியின் முகத்தைப் பார்த்தான். பிறகு எஞ்சினை அணைத்தான்.